பதினொரு பேர் கேட்கும் கடிதம்

சாரி-புலாக், பிப்ரவரி 26

பெகாயிமின் அப்பாவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். போனில் வருவது உங்கள் குரலா, என் தலைக்குள் பேசுகிறவன் குரலா என்று பாதி நேரம் எனக்கு நிச்சயமில்லை. காகிதம் அப்படி ஏமாற்றாது. மடித்து வைத்துவிட்டு மறுநாள் பிரித்தாலும் அதே சொல்தான் இருக்கும். தெமிரின் பஸ் மாதம் இரண்டு தடவை ரஷ்யாவுக்கு, நோவோசிபிர்ஸ்க் வரைக்கும் வருகிறது. அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். பதிலும் அவன் கையிலேயே வரும்.

விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை. மனச்சிதைவு என்று டாக்டர் வைத்த பேரைவிட எனக்கு இந்தப் பேர்தான் வசதி. ஒன்பது வருடமாக, விருந்தாளிக்கென்று விடுகிற தலைமாட்டு இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் எதைச் செய்தாலும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். விருந்தாளியைப் பார்த்து "போ" என்று சொல்ல நம் கிர்கிஸ் ஆட்களுக்கு வாய் ஏது? என்ன சொல்கிறான் என்று மட்டும் நான் எழுதுவதில்லை. எழுதினால் காகிதத்திலும் வந்து உட்கார்ந்துவிடுவான்.

ஊசி மாதாமாதம் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மருந்தகத்துச் சாயிராதான் போடுகிறாள். ஊசி அவன் சத்தத்தைக் குறைத்திருக்கிறது, என் இடுப்பைப் பெருக்கியிருக்கிறது. கல்யாணத்துப் பாவாடை தொடைக்கு மேல் ஏறவில்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதைப் பார்த்துச் சாயிரா போன வாரம் திட்டினாள். "ஊசி அவன் வாயை அடக்கும்டி. உன் காலை யாரு நகர்த்துவா, நான் வந்து தூக்கி வைக்கணுமா?" என்றாள். பெரியாஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னாராம். மருந்தை நிறுத்தக் கூடாது, கூடவே உடம்பும் வேர்க்க வேண்டும் என்று.

பள்ளிக்கூடத்துக்கு இஷென் என்று புது விளையாட்டு வாத்தியார் வந்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். சாயங்காலம் கூடத்தைத் திறந்துவிட்டுப் பெண்களுக்கு வாலிபால் சொல்லித் தருகிறார். சாயிரா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நான் சுவரோரம் நின்றேன். இஷென் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "சுவத்தையும் நாலு பேர் தாங்கிப் பிடிக்கணும்ல, நில்லுங்க," என்றார். கடைசியில் பந்து நேராக வந்து என் மூக்கில் விழுந்தது. மூக்கு வீங்கிவிட்டது. மறுநாளும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. இஷென், "மூக்கு வந்துடுச்சு, இனி கையும் வரும்," என்றார்.

அபா மகனுக்கென்று கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறார். வலது கால் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சொல்லிக் காட்டாதீர்கள்.

கனிஷாய்


நோவோசிபிர்ஸ்க், மார்ச் 18

கனிஷாய்க்கு,

காலுறை வந்தது. இரண்டு காலுக்கும் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

வெளியே போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மூக்கு வீங்க வீங்க எதற்கு விளையாட்டு? உன் உடம்பு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஐந்து வருடம் ஒரு கரண்டி கஞ்சிக்கு அரைமணி நேரம் உன் முன்னால் உட்கார்ந்தவன் நான். "ஒரு வாய், அப்புறம் ஒரு வாய்" என்று. அம்மா கொடுத்தால் துப்புவாய், சாயிரா கொடுத்தால் துப்புவாய், என் கையால் மட்டும்தான் விழுங்குவாய். அதையெல்லாம் அந்தச் சாயிரா மறந்துவிட்டாளா?

குளிர்காற்று நெஞ்சில் பட்டால் உனக்கு ஆகாது. வேர்த்த பிறகு வெளியே வராதே. கறுப்புத் தேநீர் குடிக்காதே, பால் சேர்த்துக் குடி. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. இதெல்லாம் உனக்கு யார் ஞாபகப்படுத்துகிறார்கள்?

அந்த இஷென் யார் வீட்டுப் பிள்ளை? கல்யாணமானவனா? எத்தனை வயது? சும்மாதான் கேட்கிறேன்.

ரொட்டி ஆலையில் வேலை எப்போதும் போல. நாள் முழுக்கத் தட்டு ஏற்றுகிறேன். ஊரில் உன்னை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அறையில் இருப்பவர்களிடம் சொன்னேன். உலான் கண் கலங்கிவிட்டான்.

மெலிஸ்


சாரி-புலாக், ஏப்ரல் 9

பெகாயிமின் அப்பாவுக்கு,

நெஞ்சில் காற்றுப் படவில்லை, தேநீரில் பால் இருக்கிறது, மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். போதுமா? இனி என் சேதி கேளுங்கள்.

பனி உருகிவிட்டது. கூடத்திலிருந்து வெளி மைதானத்துக்கு வந்துவிட்டோம். ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று விசில்காரர் சட்டம் போட்டிருக்கிறார். முதல் நாள் அரைச் சுற்றிலேயே வாந்தி. இப்போது நாலு சுற்று. பாவாடை இன்னும் ஏறவில்லை, ஆனால் வாய்க்காலிலிருந்து இரண்டு வாளி தண்ணீரை நிற்காமல் கொண்டுவருகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. தூக்கம் என்றால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

முக்கியமான விஷயம் இதுதான். பந்து நம்மை நோக்கி வந்தால் தொடுவதற்கு முன்னால் "என்னுது!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். எனக்கோ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குரல் உயர்த்திப் பழக்கமே இல்லை. விசில்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "கத்துற வரைக்கும் யாரும் அசையாதீங்க," என்றார். பத்துப் பெண்களும் நின்றார்கள். அபாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். "கத்தித் தொலைடி, எனக்குக் கால் மரத்துப் போச்சு!" என்றார் அபாவே! கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு வேலியோரம் நின்ற கழுதை மிரண்டு ஓடியது.

அப்போதுதான் கவனித்தேன். பந்து மேலே இருக்கும்போது விருந்தாளி பேசுவதில்லை. இரண்டு நிமிடம் ஒரு புள்ளிக்கு ஆடினோம் என்றால் இரண்டு நிமிடமும் அமைதி. பந்து தரையில் விழுந்ததும் தொடங்கிவிடுகிறான். இருந்தாலும் இரண்டு நிமிடம்! ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவன் போய்விடுவான் என்று நான் எண்ணவில்லை. சாயிராவும் அப்படி ஆசை காட்டவில்லை. அவ்வப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

நேற்று அபா விசில்காரரைத் தேநீருக்கு அழைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நான் பொரித்த போர்சோக் மாவுத்துண்டு முழுவதும் தீர்ந்தது. இன்று ஆறு சர்வீஸ் போட்டேன், ஆறும் வலைக்கு அந்தப் பக்கம் விழுந்தன. விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினார். பெகாயிம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் பன்னிரண்டில் வட்டாரப் போட்டி. என் பேரையும் எழுதியிருக்கிறார்.

கனிஷாய்


நோவோசிபிர்ஸ்க், ஏப்ரல் 28

கனிஷாய்,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை. வேறொன்றை எண்ணினேன். முதல் கடிதத்தில் அவன் பேரை மூன்று தடவை எழுதியிருந்தாய். இஷென், இஷென், இஷென். இந்தக் கடிதத்தில் ஒரு தடவைகூட இல்லை. விசில்காரர், விசில்காரர் என்று நாலு தடவை.

நான் குழந்தையில்லை. நம் பெண்கள் எந்த ஆணின் பேரை வாயில் எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் என் பேரை நீ ஒரு தடவைகூட எழுதியதில்லை. பிப்ரவரியில் வந்த பேர் ஏப்ரலில் ஏன் வரவில்லை? நடுவில் என்ன நடந்தது?

என் வீட்டுக்கு வந்திருக்கிறான். தலைமாட்டு இடத்தில்தான் உட்கார வைத்திருப்பாய். போர்சோக் பொரித்திருக்கிறாய். நான் கிளம்பிய அன்று எனக்கு நீ ஒரு கோப்பைத் தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை. முடியவில்லை என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் கோபித்துக்கொண்டேனா?

ஒரு தோல் பந்தைப் பார்த்து ஊர் முன்னால் "என்னுது" என்று கத்துகிறாய். என்னைப் பார்த்து ஒரு நாளாவது மெதுவாகவாவது அப்படிச் சொல்லியிருக்கிறாயா?

உலானின் தங்கை அனுப்பிய வீடியோவை அவன் எனக்குக் காட்டினான். அறையில் எல்லாரும் பார்த்தார்கள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். யாரோ துண்டு நீட்டினார்கள், வாங்கி முகத்தைத் துடைத்தாய். என் முன்னால் நீ அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று!

நான் சொல்கிறேன், கேள். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாவம் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். நீ பந்தைத் தவறவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், உனக்குத்தான் தெரியவில்லை. நீ வீட்டுக்குள் இருந்தால்தான் எல்லாருக்கும் நிம்மதி. உன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நான்தான்.

மெலிஸ்


சாரி-புலாக், மே 20

உங்கள் கடிதம் வந்தது.

மைதானத்துக்குப் போவதில்லை. பதினைந்து நாளாயிற்று.

நீங்கள் கடைசியில் எழுதிய ஐந்து வரியும் விருந்தாளி சொல்கிற ஐந்து வரியும் ஒன்றுதான். சொல்லுக்குச் சொல் அதேதான். உங்களுக்கு நான் எழுதியதே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது? காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் பிரித்தேன். அப்படியே இருந்தது. உங்கள் கையெழுத்து. விருந்தாளி சொல்கிறான், "பாத்தியா, இதையும் நான்தான் எழுதினேன்" என்று.

இனி எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. அபா கஞ்சி கொடுக்கிறார். இறங்கவில்லை.

க.


நோவோசிபிர்ஸ்க், மே 30

என் கனிஷாய்,

கடிதம் கண்டு துடித்துப் போனேன். கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் விடு. நான் வருகிறேன்!

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஆலையை விட்டு நிரந்தரமாக வந்துவிடுகிறேன். ஜூன் கடைசியில் தெமிரின் பஸ்ஸிலேயே. உனக்குப் பிடித்த சூரியகாந்தி அல்வா வாங்கிவிட்டேன், இரண்டு டப்பா. பழைய மாதிரி ஜன்னலோரம் படுக்கையைப் போட்டுக்கொள்ளலாம். யார் கொடுத்தாலும் இறங்காது என்று எனக்குத் தெரியாதா? நான் வந்து ஊட்டுகிறேன். ஒரு வாய், அப்புறம் ஒரு வாய். எத்தனை மணி நேரமானாலும் பொறுமையாக உட்காருவேன். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உலான் என் தோளில் தட்டி, "உன்ன மாதிரி யாருண்ணே இருப்பா?" என்றான். இன்று ஆலையில் தட்டு ஏற்றும்போது பாட்டு வாயில் வந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

சாயிராவிடம் சொல், ஊசித் தேதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று. நீ எதற்கும் எழுந்திருக்காதே.

உன் மெலிஸ்


சாரி-புலாக், ஜூன் 14

பெகாயிமின் அப்பாவுக்கு,

எழுந்துவிட்டேன். வர வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் சாப்பிடவில்லை என்றதும் சாயிரா வந்தாள். வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் மருந்தளவை மாற்றினார். ஊர் திரும்பியதும் மறுநாளே சாயிரா வாசலில் வந்து நின்றாள். "வாசல் வரைக்கும் நட. அதுக்கு மேல கேக்கமாட்டேன்," என்றாள். நடந்தேன். அடுத்த நாள் வாய்க்கால் வரைக்கும் என்றாள். பொய்காரி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டினாள். எட்டாவது நாள் மைதானத்தில் இருந்தேன். விளையாடவில்லை. ஒரு சுற்று நடந்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் வருவதாக எழுதிய கடிதம் அப்போதுதான் கைக்கு வந்தது. பிரிக்கப் பயமாக இருந்தது. உள்ளே அவன் இருந்தால்? சாயிராவிடம் நீட்டினேன். அவளுக்கு மெதுவாக வாசிக்க வராது, தெரியுமில்லையா? முழு மைதானத்துக்கும் கேட்டது. அல்வா, ஜன்னலோரப் படுக்கை, பாட்டு, எல்லாம். பெண்கள் எல்லாரும் கேட்டார்கள்.

எனக்குச் சட்டென்று தெளிந்தது. விருந்தாளி சொன்னதை இதுவரைக்கும் என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தைப் பத்துப் பேர் கேட்டார்கள். "கேட்டுதா?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். "கேட்டுச்சு, கேட்டுச்சு, ரெண்டு டப்பா அல்வா, எங்களுக்கு ஒன்னு குடு," என்றாள் ஒருத்தி. ஆகவே அது நீங்கள் எழுதியதுதான். நல்லதோ கெட்டதோ, உங்களுடையது.

இனி சட்டம் இதுதான். உங்கள் கடிதம் எதையும் நான் தனியாகப் பிரிக்கமாட்டேன். ஆட்டம் முடிந்ததும் சாயிரா வாசிப்பாள். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதைத் தாங்குகிற மாதிரி எழுதுங்கள்.

இப்போது பேர் விஷயம். வயிறு எரிகிறது, எழுதுகிறேன். அன்றைக்கு அபாவும் விசில்காரரும் தேநீர் குடித்துக்கொண்டு என்ன பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பேரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். நம்மில் புது ஆள் வந்தால் வேறென்ன பேசுவார்கள்? ஐந்தாவது பேரில் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்டது. அபா துள்ளிக் குதித்தார். "அடி, இவரு உன் வீட்டுக்காரனுக்கு அண்ணன் முறைடி!" என்றார். வயது ஐம்பத்தெட்டு, பேரன் இருக்கிறான். கணவனின் அண்ணன் பேரை வீட்டு மருமகள் சொல்லலாமா? சொன்னால் உங்கள் அம்மாதான் முதலில் என் காதைத் திருகுவார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு விசில்காரர். உங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றினேன், அதற்காகவே பொறாமைப்பட்ட ஒரே ஆம்பளை இந்தக் கிர்கிஸ் தேசத்திலேயே நீங்கள்தான்.

இன்னொன்று. கல்யாண விருந்துக்குக் கிளம்புகிற மாதிரி எழுதியிருந்தீர்கள், "நான் வருகிறேன்!" என்று. நான் கஞ்சி இறங்காமல் கிடந்தேன், நீங்கள் அங்கே பாட்டுப் பாடியிருக்கிறீர்கள். வாசிக்கும்போது சாயிராவின் குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கனிஷாய்


நோவோசிபிர்ஸ்க், ஜூலை 1

கனிஷாய்க்கும், சாயிரா தங்கைக்கும், மைதானத்துச் சகோதரிகள் அனைவருக்கும்,

சலாம். இங்கே வெயில் அதிகம். கொசுவும் அதிகம். ரொட்டி ஆலையில் எல்லாரும் நலம். மேஸ்திரியிடம் சொல்லி வேலையை மறுபடி வாங்கிக்கொண்டேன்.

இஷென் அண்ணனுக்குத் தம்பியின் வணக்கம். ஐந்தாவது தாத்தா பேர் எனக்கும் தெரியும். யோசிக்காமல் விட்டது என் தப்பு.

பெண்டாட்டிக்கு எழுதுவதைப் பதினொரு பேர் முன்னால் வாசித்தால் ஒரு மனிதன் என்னதான் எழுதுவான்? ஆகவே இத்துடன் முடிக்கிறேன். நேற்று மழை பெய்தது.

மெலிஸ்


சாரி-புலாக், ஜூலை 20

பெகாயிமின் அப்பாவுக்கு,

கடிதம் வாசிக்கப்பட்டது. கொசுவைப் பற்றி நன்றாக எழுதியிருப்பதாகப் பெண்கள் பாராட்டினார்கள். விசில்காரர் உங்கள் வணக்கத்துக்கு எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார், பிறகு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நான் மறுபடி ஆடுகிறேன். முன்பு மாதிரி இல்லை. நாலு சர்வீஸில் இரண்டு வலையில் விழுகிறது. இரண்டு சுற்று ஓடிவிட்டு மூன்றாவதை நடக்கிறேன்.

ஒரு கேள்வி இருக்கிறது. நான் படுத்துவிட்டேன் என்று வாசித்தபோது நீங்கள் சந்தோஷப்பட்டீர்களா?

விருந்தாளி ஆமாம் என்கிறான். காலையில் பால் கறக்கும்போது, மாவு பிசையும்போது, நான் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்கிறான். "நீ எழுந்தா அவன் அழுவான், நீ விழுந்தா அவன் பாடுவான்." மற்றதையெல்லாம் ஒரு சுற்று ஓடினால் உதறிவிட முடிகிறது. இதை உதற முடியவில்லை. ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. அவன் ஒன்றை உண்மையாகச் சொல்லிவிட்டால், பிறகு மற்றதையும் நம்பச் சொல்வான். அவர்கள் சிரிக்கிறார்கள், பாவம் பார்க்கிறார்கள், எல்லாவற்றையும்.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். ஆமாம் என்றால் ஆமாம் என்று. இல்லை என்றால் இல்லை என்று. பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும், பதிமூன்று வருடம் ஆகிறது. ஒன்றும் எழுதாமல் மறுபடி கொசு என்று எழுதினால், ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நான் மைதானத்தில் இறங்கமாட்டேன். இது மிரட்டல் இல்லை. பந்து மேலே போகிற நேரத்தில் அவன் இதைச் சொன்னால் எனக்குக் கை எழும்பாது. போன செவ்வாய்க்கிழமை சொன்னான். பந்து மேலே இருக்கும்போதே சொன்னான். கை எழும்பவில்லை.

கனிஷாய்


நோவோசிபிர்ஸ்க், ஆகஸ்ட் 3

கனிஷாய்க்கு. கூட உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும்.

ஐந்து காகிதம் கிழித்தாயிற்று. தெமிர் பஸ்ஸைக் கிளப்பப் போகிறான், கீழே ஹாரன் அடிக்கிறான். இதைக் கிழிக்க நேரமில்லை.

ஆமாம். சந்தோஷப்பட்டேன்.

உன் மே மாதக் கடிதத்தை வாசித்ததும் முதலில் பயம் வந்தது, அது உண்மை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு ஆலைக்கு நடக்கும்போது உள்ளே ஒன்று குளிர்ந்தது. அவளுக்கு மறுபடி நான் வேண்டும் என்று. அல்வா வாங்கக் கடைக்கு ஓடினேன். அந்த மாதிரி ஓட்டம் நான் சின்ன வயதில்தான் ஓடியிருக்கிறேன்.

நீ படுத்திருந்த வருடங்களில் நான் பெரிய ஆள், கனிஷாய். "மெலிஸ் மாதிரி புருஷன் உண்டா?" என்று ஊரே சொன்னது. நான் இங்கே வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், புது ஆள் அறைக்கு வந்தால் முதலில் அந்தக் கதைதான். பிறகு நீ ஆறு சர்வீஸ் போட்டாய். கஞ்சி உன் கையாலேயே சாப்பிட்டாய். வாளி தூக்கினாய். இதில் ஒன்றுக்கும் நான் தேவைப்படவில்லை. இஷென் அண்ணன் மேல் பொறாமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அது சொல்லச் சுலபமாக இருந்தது. அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. பொறாமை உங்கள் மேல் இல்லை. எழுந்து நிற்கிற இவள் மேல்தான். படுத்திருந்த என் பெண்டாட்டியை என்னிடமிருந்து இவள் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இப்படி எழுதுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அம்மா அங்கே உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து என்னைத் திட்டட்டும்.

பொறாமை இன்னும் போகவில்லை. பன்னிரண்டாம் தேதி நீ ஆடுகிற நேரத்தில் நான் இங்கே ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டு பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பேன். அது என் பாடு. அதற்காக நீ ஒரு சுற்றுகூடக் குறைக்காதே.

விருந்தாளி சொன்ன இந்த ஒன்று உண்மை. அதனால் மற்றது உண்மையாகிவிடாது. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதினேனே, அது பொய். அந்த வீடியோவை நேற்று உலானிடம் கேட்டு மறுபடி பார்த்தேன். நீ சிரிக்கிறாய். மற்ற பெண்கள் பந்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தர்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. பாவம் பார்த்துச் சேர்த்தார்கள் என்பதும் பொய். நீ வீட்டுக்குள் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்பதும் பொய். எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். அந்த ஐந்து வரியையும் எவனோ என் காதில் சொல்லவில்லை. நானே, என் புத்தியோடு, எரிச்சலில் எழுதினேன்.

சாயிரா, "பொய்" என்று நான் எழுதிய இடத்தை மறுபடி வாசி. உன் குரலிலேயே, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி. வாசித்து முடித்ததும் கேட்டதா என்று பத்துப் பேரையும் ஒவ்வொருத்தராகக் கேள், அவள் முன்னாலேயே கேள்.

மெலிஸ்